சர்த்தோரீயா: ஊசி வைத்த பெயர்

இத்தாலியில் தைத்த கோட்டின் உட்பையருகே ஒரு சிறிய துணிப்பட்டை இருக்கும். அதில் அடிக்கடி காணும் சொல் சர்த்தோரீயா. ‘ரீ’யை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை ‘ஆடம்பர ஆடை’ என்று பெயர்த்தால் தவறு. சர்த்தோரீயா உடையைக் குறிக்கும் சொல்லே அல்ல. ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கும் கடைக்கும், அங்கே நடக்கும் கலைக்கும் அதுதான் பெயர். தைப்பவர் சர்த்தோ.

மூலம் லத்தீன். சர்கீரே என்றால் கிழிந்ததைத் தைத்துச் சரிசெய்வது. அதைச் செய்பவர் சர்த்தோர். ஆக, இன்று உலகின் விலையுயர்ந்த கோட்டுகளைத் தைப்பவருக்கு இருக்கும் பெயர், ஒரு காலத்தில் கந்தலுக்கு ஒட்டுப்போட்டவருடையது. தொடையின் குறுக்கே ஓடும் நீண்ட தசைக்கும் சார்டோரியஸ் என்று இந்தச் சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது. சம்மணமிட்டுத் தைக்கும்போது காலை மடக்க உதவும் தசை அது.

‘டெய்லர்’ வேறு வழியில் வந்தது. பழைய பிரெஞ்சில் அதற்கு ‘வெட்டுபவர்’ என்று பொருள். ஆங்கிலம் கத்தரியைப் பார்த்துப் பெயர் வைத்தது, இத்தாலியம் ஊசியைப் பார்த்து வைத்தது. தமிழும் ஊசியின் பக்கம்தான்: முள் தைத்தது, அம்பு தைத்தது என்கிறோமே, அதே ‘தை’தான் தையலிலும் இருக்கிறது.

தையலுக்கு நம்மிடம் இன்னொரு பழஞ்சொல் உண்டு: துன்னம். புகார் நகரத் தொழிலாளர்களைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ என்கிறது. பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் உடுத்திருந்தது ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’, அதாவது வேறு நூலால் தைத்துத் தைத்து ஒட்டிய கந்தல். சர்கீரேயும் இதே வேலைதான்! மலையாளத்தில் தையற்காரர் இன்றும் துன்னல்காரன்.

சரி, பெயரை ஊசி பிடித்துக்கொண்டதற்கு இத்தாலியக் கோட்டு நியாயம் செய்கிறதா? பிரித்துப் பார்த்தால் தெரியும். மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே, குதிரைமயிர் கலந்து நெய்த கேன்வாஸ் ஒன்று இருக்கும். மலிவான கோட்டில் இந்த இடத்தில் பசைத்துணியை வைத்துச் சூடாக அழுத்தி ஒட்டிவிடுவார்கள். நாளடைவில் பசை விட்டு மார்பில் கொப்புளம் எழும்பலாம். சர்த்தோ பசையைத் தொடுவதில்லை. லேப்பலை, அதாவது கோட்டின் மார்பில் வெளிப்பக்கம் மடித்துவிடும் பகுதியை, கையில் வளைத்துப் பிடித்துக்கொண்டே, கேன்வாஸைச் சின்னச் சின்னத் தையல்களால் பிணைக்கிறார். ஒவ்வொரு முறையும் ஊசி மேல்துணியில் ஓரிரு இழையை மட்டும் கவ்வித் திரும்ப வேண்டும். வெளியே தெரியக் கூடாது. அந்த வளைவு அப்படியே துணிக்குள் தங்கிவிடும். அதனால்தான் நல்ல கோட்டின் லேப்பல் மடிந்து கிடக்காமல் சுருண்டு திரும்புகிறது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இவ்வளவு வேலையும் கோட்டைப் போட்டவர் கண்ணுக்கே படாது.

அப்புறம் தோள். 1930களில் நேப்பிள்ஸில் ஜென்னாரோ ருபினாச்சியின் ‘லண்டன் ஹவுஸ்’ கடையில் துணி வெட்டிய வின்சென்சோ அத்தோலினி, கோட்டின் தோளில் அடைத்திருந்த பஞ்சையும் விறைப்பையும் எடுத்தெறிந்தார். அந்த ஊர்த் தோளுக்கு ஸ்பல்லா கமீச்சா, ‘சட்டைத் தோள்’ என்று பெயர். அக்குள் வளைவைச் சிறிதாக, உயரமாக வெட்டுவார்கள். கோட்டுக்கையின் சுற்றளவோ அதைவிடப் பெரிது. மிச்சத் துணியைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுக்கித் தைப்பார்கள். தோள்முனையில் தெரியும் மெல்லிய சுருக்கங்கள் அதன் அடையாளம், குறை அல்ல. கையைத் தூக்கினால் கை மட்டும் எழும். கோட்டு கூடவே ஏறி வராது. மார்புப் பையும் நேராக இருக்காது, படகுபோல் வளைந்திருக்கும். அதனால் பார்கெத்தா, ‘சின்னப் படகு’.

ரோமில் 1945-இல் தொடங்கிய பிரியோனி என்ற ஆடை நிறுவனம், 1985-இல் பென்னே என்ற சிற்றூரில் தையற்பள்ளி திறந்தது. அந்தப் பள்ளியின் பெயரிலுள்ள ‘அல்தா சர்த்தோரீயா’வில் (அல்தா என்றால் உயர்ந்த) கடை என்ற பொருள் இல்லை, கலை என்ற பொருள்தான்.

எனவே தமிழில் ஒரே சொல் போதாது. கடையைச் சொல்லும்போது தையலகம், கலையைச் சொல்லும்போது தையற்கலை. சர்த்தோவுக்குத் தையற்கலைஞர் என்றே எழுதலாம். துன்னர் எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் இன்று விளக்காமல் புரியாது. பட்டையில் கூடவே வரும் ‘சு மிசூரா’வுக்கு ‘அளவெடுத்துத் தைத்தது’ போதும். ஆனால் ‘சர்த்தோரீயா’ என்று அச்சிட்ட பட்டையை யாரும் எந்தக் கோட்டிலும் தைத்துவிடலாம். வாங்கும் முன் பட்டனுக்குக் கீழே மேல்துணியையும் லைனிங்கையும் இரு விரல்களால் மெல்லப் பிரித்து இழுத்துப் பாருங்கள். நடுவில் தனியாக மிதக்கும் மூன்றாவது துணி தட்டுப்பட்டால், உள்ளே இருப்பது கேன்வாஸ்.