வாய்பாடு மனப்பாடமாக இருக்கலாம், நடப்பு வட்டி இருக்கக்கூடாது

காரைக்குடியில் இருந்தபடி இணையதளங்கள் எழுதிக்கொடுப்பது என் தொழில். ஆத்தங்குடிக் கல் விற்கும் ஒருவருக்கு, அறையின் நீள அகலத்தைப் போட்டால் கல் எண்ணிக்கையும் விலையும் காட்டும் பக்கம் ஒன்று செய்துகொடுத்திருந்தேன். ஒரு நாள் போனில் கேட்டார்: "தம்பி, பத்துக்குப் பதினஞ்சு ஹாலுக்கு நூத்தியிருபது கல்லுன்னு காட்டுதே, நூத்தம்பதுல்ல வரணும்?"

அடிக்கு அடி கல். அவர் சொன்னதுதான் சரி. கண்ணாடி மேல் சாயக் கலவையைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் இது. விட்டுப்போன 30 கல்லைப் பிறகு தனியாகப் போட்டால், அந்த நிறம் முதலில் போட்டதோடு ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி தரமுடியாது. ஆர்டர் போகுமுன் அவர் கண்ணில் பட்டது பெரிய விஷயம்.

பெருக்கலில் பிழை இல்லை. வேகத்துக்காக நான் சேர்த்த மெமோயிசேஷனில் இருந்தது பிழை. அதாவது, ஒரு ஃபங்ஷன் (உள்ளீட்டை வாங்கி விடை தரும் நிரல்துண்டு) ஒருமுறை கண்டுபிடித்த விடையை, அதற்குக் கொடுத்த உள்ளீட்டையே சாவியாக வைத்து ஒரு மேப்பில் (சாவியும் விடையும் ஜோடியாக இருக்கும் பட்டியலில்) போட்டுவைப்பது. அதே உள்ளீடு மறுபடி வந்தால் கணக்குப் போடாமல் எடுத்துக்கொடுப்பது. 1968-இல் டொனால்ட் மிச்சி இதற்கு இந்தப் பெயரை வைத்தார். பலன் பெரிது: முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசையின் 40-ஆம் எண்ணை வெறும் ரிக்கர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கும் முறையில்) தேடினால் ஃபங்ஷன் 33,11,60,281 முறை அழைக்கப்படும். விடைகளைச் சேமித்தால் 79 முறை போதும்.

நான் நீளத்தை மட்டும் சாவியாக வைத்திருந்தேன். யாரோ முதலில் 10-க்கு 12 போட்டிருக்கிறார்கள். அந்த 120 அப்படியே நின்றுவிட்டது. லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மெமோயிஸும், நாம் தனியாகச் சொல்லாதவரை முதல் ஆர்குமென்டை (உள்ளீட்டை) மட்டுமே சாவியாக எடுக்கும். இரண்டு எண்களையும் வெறுமனே ஒட்டிவைத்தாலும் ஆபத்துதான்: 1, 12 என்பதும் 11, 2 என்பதும் ஒரே 112 ஆகிவிடும். நடுவில் ஒரு கோடாவது வேண்டும். உள்ளீடுகளை எழுத்துவரியாக மாற்றும் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை பெரும்பாலும் உதவும். ஆனால் அது அன்டிஃபைன்டையும் (மதிப்பே தரப்படாதது) நல்-ஐயும் (வெறுமை என்று குறித்தது) அரேக்குள் (பட்டியலுக்குள்) வேறுபடுத்திக் காட்டாது. பெயரும் மதிப்பும் ஜோடியாக உள்ள ஆப்ஜெக்ட்டில் பெயர்களின் வரிசை மாறினால் சாவியும் மாறிவிடும்.

சாவியைச் சரிசெய்த பிறகுதான் அதைவிடப் பெரிய தவறு தெரிந்தது. விலையையும் சேர்த்துச் சேமித்திருந்தேன். கல் விலை ஏறினாலும் பக்கம் பழைய தொகையையே சொல்லிக்கொண்டிருக்கும். பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார், மாதாமாதம் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். அவர்கள் கடையில் பெட்டியடியில் (பணப்பெட்டி முன் கணக்கு பார்க்கும் இடத்தில்) உட்கார்ந்தவருக்கு வாய்பாடு தலைகீழ்ப் பாடம். அதற்காக, போன மாத விகிதத்தை மனதில் வைத்து இந்த மாதப் பேரேட்டில் வட்டி எழுதமாட்டார். கல் எண்ணிக்கை வாய்பாடு, விலை நடப்பு வட்டி. தேதி, நிலவரம், சர்வரில் இருக்கும் விவரம் என்று உள்ளீட்டுக்கு வெளியே உள்ள எதையாவது ஒரு ஃபங்ஷன் தொட்டால், அதன் விடையைக் காலவரம்பு இல்லாமல் சேமிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் விடைக்கான உறுதிச்சீட்டு) தரும் ஃபங்ஷனில் இன்னொரு கவனம் தேவை. அந்த ப்ராமிஸையே சேமித்தால், ஒரே நேரத்தில் வரும் பத்துக் கேள்விகளுக்கும் ஒரே கோரிக்கை போதும். அது தோற்றுவிட்டால் சாவியை உடனே நீக்கவேண்டும். இல்லாவிட்டால் நெட் திரும்பி வந்த பின்னும் பழைய தோல்வியே பதிலாக வரும். சேமித்த அரேயை வாங்கியவர் சார்ட் செய்தாலும் (வரிசைப்படுத்தினாலும்) உள்ளே இருப்பதே கலைந்துவிடும், பிரதி கொடுங்கள். நாள்கணக்கில் ஓடும் சர்வரில் மேப் வளர்ந்துகொண்டே போகும், எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வையுங்கள்.

இப்போது அந்தப் பக்கத்தில் எதையும் சேமிக்கவில்லை. ஒரு பெருக்கல், ஒரு விலை. அளந்து பார்த்தேன், வேகத்தில் வித்தியாசமே இல்லை.