ஃபோர்க்: தமிழில் கவை

ஃபோர்க் என்றதும் நினைவுக்கு வருவது சாப்பாட்டு மேசை முள்கரண்டிதான். 'ஓபன்பிஎஸ்டி என்பது நெட்பிஎஸ்டியின் ஃபோர்க்' என்ற வரியை அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால், ஒரு இயங்குதளம் இன்னொன்றுக்கு முள்கரண்டி ஆகிவிடும்.

ஒரு மென்பொருளின் மூலநிரலை அப்படியே படியெடுத்து, அங்கிருந்து தனிப் பெயரில், தனி ஆட்கள் தனி வழியில் வளர்ப்பதுதான் மென்பொருளில் ஃபோர்க். உரிமம் இடம் கொடுத்தால் போதும், பழைய குழுவிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது போல என்று சொல்லத் தோன்றும். ஆனால் பாகப்பிரிவினையில் ஆளுக்குப் பாதி. இங்கே இரண்டு பேருக்கும் முழுச் சொத்து. மனக்கசப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றே.

சொல்லின் வேர் லத்தீனின் 'ஃபுர்க்கா'. வைக்கோல் அள்ளும் இருமுனைக் கோலுக்கு அந்தப் பெயர். முள்கரண்டி எல்லாம் பிற்பாடு வந்தது. கணினிக்குள் 1963-இல் கணினி அறிஞர் மெல்வின் கான்வே இதைக் கொண்டுவந்தார்: ஒரு வேலை இரண்டாகப் பிரிந்து ஓடுவது ஃபோர்க், மறுபடி சேர்வது ஜாயின். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள எழுதிய நேரப்பகிர்வு இயங்குதளம் வழியாக அது யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தன்னையே நகலெடுத்துப் பிள்ளை பெறுவதற்கு யூனிக்ஸில் இன்றும் ஃபோர்க் என்றுதான் பெயர். மூலநிரல் பிரிவதற்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அப்புறம்.

சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டு, பெர்க்லியில் வளர்ந்த யூனிக்ஸின் வழிவந்த பிஎஸ்டி இயங்குதளக் குடும்பம். 1992-இல் வில்லியம், லின் ஜாலிட்ஸ் தம்பதியர் சாதாரணக் கணினியில் ஓடும் 386பிஎஸ்டியை வெளியிட்டார்கள். பயன்படுத்தியவர்கள் அனுப்பிய திருத்தங்கள் குவிந்தன, அவற்றைச் சேர்க்கும் வேலையோ நகரவில்லை. 1993-இல் அதிலிருந்து நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் பிரிந்தன. நெட்பிஎஸ்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான தியோ டி ராட் 1994 இறுதியில் சக உறுப்பினர்களோடு முட்டிக்கொண்டு வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டு அக்டோபரில், கனடாவின் கால்கரியில் இருந்தபடி ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கினார். 2003-இல் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து டிராகன்ஃபிளை பிரிந்தது.

இவற்றைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஆளை நீங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. 'அதான் லினக்ஸ் இருக்கே, இந்தக் கவைக்குதவாத சமாசாரம் எல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. சரி, அந்தக் கேள்வியை ஓபன்பிஎஸ்டியிடமே கேட்போம்.

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்எச் என்ற முறையை 1995-இல் ஃபின்லாந்தின் டாட்டு யூலோனென் எழுதினார். போகப் போக அதன் உரிமம் இறுகியது. கட்டற்றதாக இருந்த 1.2.12 என்ற பழைய பதிப்பின் வழிவந்த நிரலை ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் எடுத்துத் துப்புரவாக்கி, 1999 டிசம்பரில் ஓபன்எஸ்எஸ்எச் என்று வெளியிட்டார்கள். இன்று லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு வாசற்கதவு அதுதான். ஆப்பிள் கணினிகளில் இருக்கிறது. 2018 முதல் விண்டோஸ் 10-இலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் இதைப் படிக்கிறீர்களா? அதன் அடிப்படை சி மொழி நூலகமான பயோனிக்கிலும் ஓபன்பிஎஸ்டி நிரல் கலந்திருக்கிறது.

இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்து இணையமே பதறியபோது, இதே குழு அந்த நிரலைப் பிரித்தெடுத்து லிப்ரஎஸ்எஸ்எல் என்று பெயரிட்டது. முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் வெட்டி எறிந்தார்கள்.

இவ்வளவு சின்னக் குழுவால் இது எப்படி முடிகிறது? என் கணிப்பில், பயனர்கள் குறைவு என்பதே இவர்களுக்கு வசதி. ஓர் எடுத்துக்காட்டு: யூனிக்ஸ் வகைக் கணினிகள் நேரத்தை 1970 முதல் நொடிகளாக எண்ணுகின்றன, அந்த எண்ணுக்கு 32 பிட் இடம் மட்டும் இருந்தால் அது 2038-இல் நிரம்பி வழியும். அதைச் சரிசெய்ய நேர எண்ணை 64 பிட்டாக மாற்ற வேண்டும். மாற்றினால் பழைய நிரல்கள் உடையும். ஓபன்பிஎஸ்டி 2014 மே மாதம் வந்த 5.5 பதிப்பில், 32 பிட் கணினிகள் உட்பட எல்லாவற்றிலும் ஒரே வீச்சில் மாற்றிவிட்டது. உடைந்ததை ஒட்டவைத்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒட்டுவேலையில் கண்ட பிழைகளுக்கான திருத்தங்கள் மற்ற தளங்களுக்கும் பயன்பட்டன. 32 பிட் ஆர்ம் சில்லுக் கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு இந்த மாற்றத்தோடு வெளிவந்தது 2025-இல். கோடிக்கணக்கானோரைச் சுமக்கும் வண்டி இப்படி வெடுக்கென்று திரும்ப முடியாது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'கிளை' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் ஒரே திட்டத்துக்குள் பிரிந்து பின்னர் சேரும் பிராஞ்சுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. 'பிரிவு' அலுவலகத்தை நினைவூட்டுகிறது. 'கவர்' பொருத்தமான பழஞ்சொல்தான், இரண்டாகப் பிரியும் வழியைக் கவர்நெறி என்பார்கள். இன்று படித்தால் தபால் உறை ஞாபகம் வந்துவிடும். எனக்குப் பிடித்தது கவை. முனை இரண்டாகப் பிரிந்த கோல், கிளை, பாதை எல்லாவற்றுக்கும் ஆகிவரும் சொல். வேலிக்கு முள் தள்ளும் கவைக்கோலும் லத்தீன் ஃபுர்க்காவும் ஒரே வடிவக் கருவிகள். குறுந்தொகையில் இரட்டைப் பிள்ளைகளைக் 'கவைமக' என்கிறார்கள். ஒரு வயிற்றிலிருந்து வந்த இருவர் என்பதால், யூனிக்ஸ் நிரல் பெறும் பிள்ளைக்கும் இது ஓரளவு பொருந்தும்.

கவைக்குதவாத என்ற வழக்கில் இருப்பதும் இந்தக் கவைதான், முட்டுக்கொடுக்கும் கோலாகக்கூட உதவாதது என்று பொருள் என்பது ஒரு விளக்கம். 'காரியம்' என்று பொருள் கொள்வாரும் உண்டு. முதல் விளக்கத்தை எடுத்துக்கொண்டால், ஓபன்பிஎஸ்டியைக் கவைக்குதவாதது என்று சொல்வது வேடிக்கைதான்: அது பிறந்ததே கவையாக, ஊருக்கெல்லாம் கொடுத்ததும் இரண்டு கவைகள்.

வினையாகவும் எழுதலாம்: 'நெட்பிஎஸ்டியிலிருந்து ஓபன்பிஎஸ்டி கவைத்தது', 'ஓபன்எஸ்எஸ்எல்லின் கவை'. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஃபோர்க் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்கு மட்டும் இது வேண்டாம். அங்கே பெரும்பாலானோர் ஒரு திருத்தம் செய்து திருப்பி அனுப்பத்தான் அதை அழுத்துகிறார்கள். அதற்குப் 'படி' என்றாலே போதும்.