போனதற்கு ஏன் 'வென்ட்'?

'வாக்' என்றால் நட, 'வாக்ட்' என்றால் நடந்தேன், சரி. 'கோ' என்றால் போ, ஆனால் போனேன் என்பதற்கு எங்கிருந்தோ 'வென்ட்' வந்து நிற்கிறது, 'கோ' என்பதில் இருக்கும் ஓர் எழுத்துகூட அதில் இல்லை. இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்கு முதல் எரிச்சல் இங்கேதான் வருகிறது, அப்புறம் மூன்று பத்தி போட்ட அந்த நீளமான அட்டவணையை அகரவரிசையில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்.

உண்மையில் வென்ட் வேறு வீட்டுப் பிள்ளை. திரும்பு, வழி பிடித்துப் போ என்ற பொருளில் இருந்த இன்னொரு வினையின் இறந்தகாலம் அது. கோவுக்கென்று பழைய இங்கிலீஷில் இருந்த இறந்தகாலச் சொல் வழக்கொழிந்து போக, அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

மற்ற ஒழுங்கற்ற வினைகளில் பெரும்பாலானவை இப்படிக் கடன் வாங்கியவை அல்ல. ஸிங், ஸாங், ஸங் என்று சொல்லின் நடுவில் உள்ள உயிரோசையை மாற்றிக் காலம் காட்டுவதுதான் பழைய முறை, ஜெர்மன் மொழியில் இன்றும் ஸிங்கன், ஸாங், கெஸுங்கன் என்றே வருகிறது. கடைசியில் 'எட்' ஒட்டுவது பின்னால் வந்த வழக்கம், ஆனால் சுலபமானது என்பதால் பழைய வினைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே வந்தது. 'ஹெல்ப்' என்ற வினைக்கு ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்று இறந்தகாலம் இருந்தது, இன்று ஹெல்ப்ட்தான். 2007இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், பழைய இங்கிலீஷில் ஒழுங்கற்று இருந்த 177 வினைகளை எடுத்துப் பின்தொடர்ந்தார்கள், இன்றைக்கு அதில் 98தான் அப்படியே இருக்கின்றன.

எவை தப்பின? அதிகம் புழங்கியவை. ஒரு வினை இன்னொன்றைவிட 100 மடங்கு குறைவாகப் புழங்கினால் அது 10 மடங்கு வேகமாக எட் பக்கம் சாய்கிறது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. தினமும் நூறு முறை காதில் விழும் வடிவத்தை யாரும் மறப்பதில்லை, எப்போதோ ஒரு முறை வரும் வினைக்குப் பழைய வடிவம் நினைவுக்கு வராமல் எட் போட்டுவிடுகிறார்கள். பி, ஹேவ், டூ, கோ, சே, கேன், வில், சீ, டேக், கெட், மிக அதிகம் புழங்கும் இந்தப் பத்தும் ஒழுங்கற்றவையே. தமிழிலும் பாருங்கள், வா என்பது வந்தான், வருகிறான் என்று உருமாறுகிறது, அதை நாம் யாரும் அட்டவணை வைத்துப் படித்ததில்லை.

அதனால் அகரவரிசையை விட்டுவிட்டு ஓசைக் குடும்பமாகப் படியுங்கள் என்பேன். ஸிங், ரிங், டிரிங்க், ஸ்விம், பிகின் எல்லாம் ஒரு வீடு. கட், புட், ஹிட், ஷட் இன்னொரு வீடு: ஏற்கெனவே ட் ஓசையில் முடிவதால் இறந்தகால ஒட்டு அதோடு கரைந்துபோய், மூன்று வடிவமும் ஒன்றாகிவிட்டது.

'ஐ ஹேவ் ரிட்டன்' என்பதில் ஹேவ் எதற்கு என்ற கேள்வியும் எல்லோருக்கும் வரும். முதலில் அது 'எழுதி முடித்த கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது' என்ற அர்த்தத்தில்தான் தொடங்கியது. நாம் இரு என்பதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன் என்கிறோம், அவர்கள் வைத்திரு என்பதைச் சேர்த்தார்கள். பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியது என்பதால்தான் அந்த வாக்கியத்தில் நேற்று என்ற சொல் ஒட்டாது, நேற்று என்று சொல்ல வேண்டுமானால் 'ஐ ரோட்' என்று போய்விட வேண்டும்.

பிரேஸல் வெர்ப் எனப்படும் கூட்டுவினைகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், தமிழில் தினமும் இதையேதான் செய்கிறார்கள். 'புட்' என்றால் போடு, 'ஆஃப்' என்றால் அப்பால், சேர்த்தால் 'புட் ஆஃப்', அதாவது தள்ளிப்போடு! கிட்டத்தட்ட அதே படம். 'ஈட்' சாப்பிடு, 'ஈட் அப்' மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு, இங்கே அப் என்பதற்கு மேலே என்ற அர்த்தமே இல்லை, வேலை முடிந்தது என்று காட்ட நாம் சேர்க்கும் 'விடு' செய்வதைத்தான் அது செய்கிறது, யூஸ் அப், டிரிங்க் அப் எல்லாவற்றிலும் அப்படியே. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பொருளின் பெயரைச் சொன்னால் 'பிக் அப் த புக்', 'பிக் த புக் அப்' இரண்டும் சரி, ஆனால் அதை என்ற 'இட்' வந்தால் நடுவில்தான் வர வேண்டும், 'பிக் இட் அப்'.