பாத்ரூமில் வழுக்கி விழுந்த விரல்கள்

சேலத்தில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். என் அலமாரியில் இருக்கும் கேஸ் கட்டுகளைப் புரட்டினால், இந்த ஊரில் பாத்ரூமைப் போல ஆபத்தான இடம் வேறில்லை என்று தோன்றும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இரண்டு விரல் துண்டானவர் இருக்கிறார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து முழங்கை வரை வெந்துபோனவர் இருக்கிறார். உண்மையில் எல்லோரும் வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்கள். ஆஸ்பத்திரிப் பதிவில்தான் பாத்ரூம்.

ஒருவர் கதைக்கு மட்டும் கொஞ்சம் மாறுதல், அவருக்குக் கட்டில். வயது 30. இரும்பாலை ரோட்டுப் பக்கம் ஒரு பவர் பிரஸ் பட்டறையில் வேலை. மாதம் 12,000 ரூபாய் கணக்கு, சனிக்கிழமை சனிக்கிழமை கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு மதியம் தகட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. முதலாளி ஈவிரக்கம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். தன் காரிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழியில் அவர் சொன்னது இது: "பட்டறைன்னு சொல்லாதப்பா, போலீஸ் கேஸ் ஆயிடும். வீட்டுல கட்டிலைத் தூக்கறப்ப நசுங்கிடுச்சுன்னு சொல்லு. செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்."

வலியில் துடிக்கிறவர் என்ன சொல்வார்? சொன்னார். ஆஸ்பத்திரி பில்லையும் முதலாளி கட்டினார், கையில் 40,000 ரூபாயும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போய் நின்றபோது, "இந்தக் கையை வெச்சுக்கிட்டு என்ன செய்வ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடம் வரும்போது எட்டு மாதம் ஓடியிருந்தது. நோட்டீஸ் அனுப்பினோம். பதில் சுருக்கமாக வந்தது: இவர் எங்கள் ஆள்தான், ஆனால் காயம் வீட்டில் பட்டது, ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவுக்கு ஏ.ஆர். என்று பெயர், விபத்துப் பதிவேடு. அடிபட்டவரை உள்ளே கொண்டுவந்ததும் பணியில் இருக்கும் டாக்டர் எழுதுவது. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தார், எங்கே எப்படி அடிபட்டதாகச் சொல்கிறார், என்னென்ன காயம். டாக்டர் துப்பறிய மாட்டார். நோயாளியோ கூட வந்தவரோ சொல்வதை ஒரே வரியில் எழுதுவார். விசாரணை நடக்கும்போது இரண்டு தரப்பு வக்கீலும் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். வழக்கு என்ற எண்ணமே இல்லாத நேரத்தில் சொன்னது என்பதால், பிறகு கூண்டில் ஏறிச் சொல்வதை விட அதற்கு மதிப்பு அதிகம்.

அந்தக் கட்டில் வழக்கில் எங்களைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைக் குறிப்பு. காயத்தைக் கழுவும்போது எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் துகளும் வந்ததாக அந்த டாக்டர் எழுதி வைத்திருந்தார். எந்தக் கட்டிலில் கிரீஸ் இருக்கும்? கூட வேலை பார்த்தவர் பிரஸ்ஸின் பக்கத்தில் கிடந்த ரத்தத்தை போனில் படம் எடுத்து இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தேதியும் நேரமும் அதிலேயே இருந்தன. எல்லோருக்கும் இப்படி அமையாது.

அதனால் நான் சொல்வது சின்ன விஷயம். எந்த ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போனாலும், டாக்டர் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த இடம், எந்த மிஷின், எத்தனை மணி. அடிபட்டவர் நினைவில்லாமல் இருந்தால் கூட வருகிறவர் சொல்ல வேண்டும். போலீஸுக்குத் தகவல் போனால் போகட்டும். அதனால் முதலாளியை உடனே பிடித்து உள்ளே வைத்துவிட மாட்டார்கள், உங்களையும் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். ஏற்கெனவே மாற்றிச் சொல்லிவிட்டீர்களா? சரி, அத்தோடு முடிந்தது என்று உட்கார வேண்டாம். உண்மையில் நடந்ததைத் தேதியோடு எழுதி முதலாளிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை பத்திரப்படுத்துங்கள். அதையே காவல் நிலையத்திலும் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். பத்து நாளுக்குள் செய்த திருத்தத்தை நம்புவார்கள். பத்து மாதம் கழித்துச் செய்தால் வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்பார்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். முதலாளி சொல்லித்தராமலே பொய் சொல்கிறவர்கள் உண்டு. காரணம் பயமில்லை, வெட்கம். "என் தப்புதான் சார், கொஞ்சம் அசந்துட்டேன்" என்பார்கள். 20 வருஷம் லேத் ஓட்டினவருக்குத் தன் கை மாட்டியது தொழில் கௌரவத்துக்கு இழுக்கு. அவர்களிடம் நான் சொல்வது: அண்ணே, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் யார் தப்பு என்று கேட்பதே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டதா என்பது மட்டும்தான் கேள்வி. அசந்துபோனது, கவனம் சிதறியது எதுவும் இழப்பீட்டைத் தடுக்காது. குடித்திருந்தது, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்றும் முதலாளி தரப்பு எடுக்கும் ஆயுதங்கள். உயிர் போயிருந்தாலோ, நிரந்தரமாக எந்த வேலையும் செய்ய முடியாமல் போனாலோ அந்த மூன்றும்கூடச் செல்லாது. அப்புறம், பிரஸ்ஸின் மூடியைக் கழற்றச் சொன்னதே முதலாளி என்றால் அது தொழிலாளி வேண்டுமென்றே செய்தது ஆகாது. வேகம் வேண்டும் என்று மூடியைக் கழற்றி மூலையில் போட்ட பட்டறைகள் எத்தனை பார்த்திருக்கிறேன்!

இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும், பாதை அங்கேயே பிரிந்துவிடுகிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழிற்சாலை, உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் நீங்கள் இஎஸ்ஐயில் இருக்க வேண்டியவர். அப்படியானால் இழப்பீடு இஎஸ்ஐ மூலம்தான். முதலாளி மேல் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. இது நஷ்டம் இல்லை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். விபத்து என்றால் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது, வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. முதலாளி பதிவே செய்யாமல் விட்டிருந்தால் அது அவருக்கும் இஎஸ்ஐ கார்ப்பரேஷனுக்கும் உள்ள கணக்கு, உங்கள் உரிமை போகாது. விபத்து நடந்த அன்று சாயங்காலம் அவசர அவசரமாகப் பெயரைப் பதிவு செய்கிற கூத்தும் நடக்கிறது. அங்கேயும் கடைசியில் ஏ.ஆரில் உள்ள மணியைத்தான் பார்ப்பார்கள்.

சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் நாலு பேர், ஐந்து பேர்தான். அங்கே இஎஸ்ஐ வராது, இழப்பீட்டுச் சட்டம் வரும். தினக்கூலி என்பதாலோ பீஸ் கணக்கு என்பதாலோ உரிமை குறைந்துவிடாது. சம்பளத்துக்குச் சீட்டு இல்லையே என்பார்கள். இப்போதெல்லாம் கூகுள் பேயில் வந்த பணமே சாட்சி. இல்லையென்றால் வாராவாரம் எழுதும் கணக்கு நோட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

தொகை எப்படி வருகிறது என்பது தெரியாததால்தான் 40,000 பெரிதாகத் தெரிகிறது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் எடுத்து, வயதுக்கு என்று சட்ட அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98, 40 வயதுக்கு 184.17. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு உச்சவரம்பு 15,000. 2020 ஜனவரி 3ஆம் தேதிக்கு முன்பு இது 8,000தான். நம் பிரஸ் தொழிலாளிக்கு 12,000இல் 60 சதவீதம் 7,200. அதை 207.98ஆல் பெருக்கினால் 14,97,456. இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம் என்கிறது அட்டவணை. ஆக 2,99,491 ரூபாய். கட்டைவிரல் முழுக்கப் போனால் 30 சதவீதம், ஒரு கையில் நாலு விரலும் போனால் 50.

அட்டவணை சதவீதமே கடைசி வார்த்தை என்றும் நினைத்துவிட வேண்டாம். இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கு 1970களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் அவருக்கு இது முழு ஊனம் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இழப்பீடு விபத்து நடந்த நாளிலிருந்தே கொடுக்க வேண்டியது என்று சொன்னதும் அதே தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை மேல் தொகை. இந்த மேல் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது, முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பேச்சுவார்த்தையின்போது இதை எடுத்துச் சொன்னால் பல முதலாளிகளின் குரல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

"பில் கட்டினேனே, அதைக் கழிச்சுக்குங்க" என்பது அடுத்த வாதம். கழிக்க முடியாது. வைத்தியச் செலவு முதலாளியின் தனிக் கடமை, அதை இழப்பீடாகக் கணக்குக் காட்டக் கூடாது. "வேலைக்குச் சேரும்போது 80,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கான், அதுக்கு நேர் பண்ணிக்கறேன்" என்பது கொலுசுப் பட்டறைகளிலும் விசைத்தறிகளிலும் அடிக்கடி கேட்பது. அதுவும் கூடாது. இழப்பீட்டை எந்தக் கடனுக்கும் நேர் செய்ய முடியாது என்று சட்டமே சொல்கிறது. அப்புறம் அந்த ஸ்டாம்ப் பேப்பர். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருப்பார்கள், சில சமயம் வெறும் தாளிலேயே கையெழுத்து. இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையரிடம் பதிவு செய்யாத அந்தத் தாளைக் காட்டி உங்கள் உரிமையைப் பறிக்க முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று குமைந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற சட்டம் வந்திருக்கிறது. இழப்பீடு அதில் 7ஆம் அத்தியாயம், எலும்புக்கூடு பழையதுதான். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், சேரும் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிக்கப் வண்டியில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மனுப் போட இரண்டு வருஷம் கெடு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

மலை என்றதும் ஒரு அக்கா நினைவுக்கு வருகிறார். காபி எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களை மழைக்கு முன்னால் கழிப்பார்கள். அந்த வேலையில் அவர் வீட்டுக்காரர் மேலிருந்து விழுந்து இறந்தார். வயது 40. எஸ்டேட் தரப்பு, "அவர் எங்க ஆளே இல்லை, மேஸ்திரி கூட்டிவந்த ஆள்" என்றது. மேஸ்திரி காரியத்தன்று ஒரு லட்சம் கொடுத்து ரேகை வாங்கியிருந்தார். அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பணம் வாங்கிட்டேனே சாமி, இனி கேட்டா தப்பில்லையா?"

தப்பில்லை. கான்ட்ராக்டர் மூலம் ஆள் வைத்தாலும், எஸ்டேட்டின் வழக்கமான வேலையை அதன் நிலத்திலேயே செய்யும்போது நடந்த விபத்துக்கு எஸ்டேட் பொறுப்பு. கொடுத்ததை அவர்கள் மேஸ்திரியிடம் வாங்கிக்கொள்ளட்டும். இறப்புக்கான இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தால் அது கொடுத்ததாகவே ஆகாது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். கையில் தந்ததில் மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு மட்டும் முன்பணமாகக் கழிக்கலாம். இறப்புக்கு 60 சதவீதம் இல்லை, பாதிச் சம்பளம்தான் கணக்கு. மாதம் 12,000 என்று வைத்தால் அதில் பாதி 6,000, அதை 184.17ஆல் பெருக்கினால் 11,05,020 ரூபாய். கணவர் இறந்தபின் அக்கா அரூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். குடியிருக்கும் ஊருக்கான ஆணையரிடமே மனுப் போடலாம் என்றபோது அவர் நம்பவில்லை. மலையேறி எஸ்டேட் வாசலில் போய் நிற்க வேண்டும் என்றே நினைத்திருந்தார்.

அந்த வழக்கில் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. அன்றைக்கு மலை மேல் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சுற்றி நின்றவர்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. ஏ.ஆரில் அவர் எழுதியிருந்தது: காலை 10.40 மணி, எஸ்டேட்டில் மரம் கழிக்கும்போது விழுந்ததாகக் கூட வந்தவர் சொன்னது. கூட வந்தவர் யார் என்று பார்த்தேன். ஒரு லட்சம் கொடுத்து ரேகை வாங்கிய அதே மேஸ்திரி.