டொக்யார்ட் எண்டா கப்பல் கட்டும் தளமா?

"திருகோணமலை கடற்படைக் கப்பல் கட்டும் தளம்" எண்டு இன்னொருக்காக் கேட்டாச்சு. இந்தமுறை ஒரு வரலாற்று வீடியோவில. வெள்ளைக்காரன் காலத்துப் படமெல்லாம் தேடி எடுத்து நல்லாத்தான் செய்திருக்கினம், ஆனா டொக்யார்ட் (dockyard, கப்பல் திருத்திற வளவு) எண்டு வாற இடமெல்லாம் "கட்டும் தளம், கட்டும் தளம்" எண்டே போகுது. பேப்பரிலயும் இதைத்தான் எழுதுகினம். இனியும் பேசாமல் இருக்கேலாது.

சொல்லின்ட கதை சின்னன். டொக் எண்டது 16ஆம் நூற்றாண்டளவில டச்சுப் பக்கமிருந்து ஆங்கிலத்துக்குள்ள வந்தது. வத்துப்பெருக்கில தண்ணி இறங்கேக்க கப்பல் சேத்தில குந்துற பள்ளம், அதுதான் பழைய கருத்து எண்டு சொல்லுவினம். யார்ட் எண்டா வளவு. கட்டுறது எண்ட கருத்து ரெண்டு சொல்லிலயும் இல்லை. அரபியில "தார் அஸ்ஸினாஆ" எண்டா தொழில் செய்யிற வீடு, அதை வெனிஸ்காரர் எடுத்து ஆர்செனாலே எண்டு தங்கட கப்பல் வேலை நடந்த இடத்துக்கு வைச்சினம், அதுதான் பேந்து ஆங்கிலத்தில ஆர்செனல், அதாவது ஆயுதக் கிடங்கு ஆச்சு. அரபிக்காரர் தண்ணியை விட்டுட்டு வேலையைப் பாத்துப் பேர் வைச்சிருக்கினம், எனக்கு அந்த வழிதான் சரியெண்டு படுது.

சரி, திருகோணமலையில அப்பிடி என்ன வேலை நடந்தது? பாய்க்கப்பல் காலத்தில வங்காள விரிகுடாவில நிண்ட கடற்படைக்குப் பெரிய தலையிடி வடகீழ்ப் பருவக்காத்து. சென்னைப் பட்டினத்தில அப்ப துறைமுகமே கிடையாது, திறந்த கடல்ல நங்கூரம் போட்டு நிக்கவேணும், ஐப்பசி பிறந்தா அதுவும் ஏலாது, பாய்மரம் முறிஞ்ச கப்பலையும் கொண்டு பம்பாய் வரைக்கும் சுத்திப் போகவேணும். இந்தப் பக்கத்தில வருசம் முழுக்க ஒதுங்கக்கூடிய ஆழமான இடம் திருகோணமலை. அதாலதான் 1782 தையில இங்கிலிஷ்காரன் ஒல்லாந்தரிட்ட இருந்து பிடிக்க, அதே வருசம் ஓகஸ்ட் முடியிறதுக்குள்ள பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென் வந்து அவனிட்ட இருந்து பிடிச்சார். 1795இல திரும்பவும் பிரிட்டிஷ் கைக்கு வந்து, 1957இல இலங்கைக்குக் குடுக்கிற வரைக்கும் றோயல் நேவிதான் அங்க இருந்தது.

கடல்ல மாசக்கணக்கா அடிபட்டு வாற மரக்கப்பலுக்கு செய்யவேண்டிய வேலை கனக்க. அடியில ஒட்டின சிப்பியும் பாசியும் சுரண்டவேணும், புழு துளைக்காமல் அடிச்ச செப்புத்தகட்டை மாத்தவேணும், கலப்பத்துப் பாக்கவேணும், அதாவது பலகை இடுக்குகளுக்குள்ள நாரை உளி வைச்சு அடிச்சு இறுக்கி மேல தார் காய்ச்சி ஊத்தி ஒழுக்கை அடைக்கவேணும். மரம், பாய், கயிறு, தண்ணிப் பீப்பா எல்லாம் புதுசா ஏத்தவேணும். நீராவி வந்தாப்பிறகு கொதிகலனும் எஞ்சினும் சேந்தது. இதெல்லாம் நடக்கிற வளவுதான் டொக்யார்ட். இதில கட்டுறது எங்க இருக்கு? திருகோணமலை எண்ட பேரையே வைச்ச றோயல் நேவிக் கப்பல் ஒண்டு 1817இல தேக்கு மரத்தில கட்டினது, அது இண்டைக்கும் இங்கிலாந்தில ஹார்ட்ல்பூல்ல மிதக்குது, அதைக்கூட கட்டினது பம்பாயில, வாடியா குடும்பத்துப் பார்சி ஆக்கள். பம்பாய் டொக்யார்டில கட்டவும் செய்தாங்கள் திருத்தவும் செய்தாங்கள், உண்மைதான். ஆனா ஒரு இடத்தில கட்டினதை வைச்சு டொக்யார்ட் எண்டாலே கட்டும் தளம் எண்டு முடிவெடுக்கேலாது. கார் திருத்திற கராஜை ஆரும் கார் செய்யிற தொழிற்சாலை எண்டு சொல்லுறேல்லையே.

உந்தத் "தளம்" எண்ட சொல்லே பெரிய கரைச்சல். படைத்தளம், விமானத்தளம், இணையத்தளம், ஏவுதளம், கட்டும் தளம், எதுக்கு என்ன சொல் எண்டு யோசிக்கப் பஞ்சிப்பட்ட இடமெல்லாம் ஒரு தளம் போட்டு விட்டிருக்கினம். அதிலயும் கடற்படை விசயத்தில ரெண்டு வேற வேற சாமானை இது ஒண்டாக்கிப் போடுது. கடற்படைத் தளம் எண்டா கப்பல் வந்து தங்கிற, எண்ணெய் குண்டு நிரப்பிற, ஆக்கள் இருக்கிற முழு இடம். திருகோணமலைச் சீனக்குடாவில இருக்கிற 99 எண்ணெய்க் குதங்களும் அந்தத் தளத்துக்காகக் கட்டினதுதான், ஆனா அதுகளை ஆரும் டொக்யார்ட் எண்டு சொல்லமாட்டினம். 1942 ஏப்ரல் 9இல ஜப்பான் விமானங்கள் வந்து அடிச்சது தளத்துக்கு, அதுக்குள்ள டொக்யார்டும் சேர்த்தி. ரெண்டுக்கும் "தளம்" எண்டே எழுதினா எது அடிபட்டது எண்டு வாசிக்கிற பிள்ளைக்கு எப்பிடி விளங்கும்?

இன்னொரு கூட்டம் "கப்பல்துறை" எண்டு எழுதுது, அகராதியில அப்பிடிப் போட்டிருக்காம். திருகோணமலைக்காரரிட்டப் போய் கப்பல்துறை எங்க எண்டு கேளுங்கோ, ஊருக்கு வெளியால இருக்கிற கப்பல்துறைக் கிராமத்துக்குத்தான் வழி காட்டுவினம். அதைவிட, துறை எண்டா இறங்கிற இடம், குளிக்கிற துறை, தோணித்துறை மாதிரி. அங்க திருத்த வேலை நடக்கிறேல்லை. இதின்ட தொடர்ச்சிதான் "உலர்துறை", "மிதக்கும் துறை" எண்டதெல்லாம். 1944 ஓகஸ்ட் 8இல திருகோணமலையில மிதக்கிற டொக் ஒண்டு வேலியன்ட் எண்ட பெரிய போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டிருக்கேக்கயே முறிஞ்சு தாண்டுபோச்சு, கப்பலும் நல்லாப் பழுதாப்போச்சு. இதை "மிதக்கும் துறைமுகம் மூழ்கியது" எண்டு எழுதினா துறைமுகமே தாண்டுபோச்செண்டுதான் சனம் நினைக்கும். உண்மையில அது ஒரு பெரிய இரும்புத் தொட்டி. அதின்ட அறைகளுக்குத் தண்ணி விட்டா தாழும், கப்பல் உள்ளுக்கு வரும், தண்ணியை வெளியால இறைச்சா கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும்பும். "மிதவைத் தொட்டி" எண்டு சொல்லிப் பாருங்கோ, படம் கண்ணுக்கு முன்னால வரும். கரையில கதவு வைச்சு வெட்டி, கப்பலை உள்ளுக்கு விட்டுத் தண்ணியை இறைச்சுத் திருத்திற பள்ளத்துக்கு "கப்பல் தொட்டி" காணும், அதை உலர்துறை எண்டு சொல்லி என்ன பிரியோசனம், பாதி நேரம் அதுக்குள்ள தண்ணிதானே.

டொக்யார்டுக்கு என்ட சொல் கப்பல் பட்டறை. பட்டறை எண்டா தொழில் நடக்கிற இடம், எங்கட ஆக்கள் பட்டடை எண்டும் சொல்லுவினம். கட்டினாலும் பட்டறைதான், திருத்தினாலும் பட்டறைதான். "பட்டறை எண்டா கொல்லன் குடில் மாதிரி சின்னனாக் கேக்குதே" எண்டு ஒருத்தர் சொன்னார், இதை நான் ஒத்துக்கொள்ளேல்லை, முன்னுக்கு கப்பல் எண்டு வந்தாப்பிறகு எவ்வளவு பெரிசெண்டு ஆருக்கும் விளங்கும். மணிமேகலையில "கலஞ்செய் கம்மியர்", அதாவது கப்பல் செய்யிற தொழிலாளர் எண்டு வருது, அதை வைச்சுக் கலக்கம்மாலை எண்டு எழுதலாம் எண்டும் ஒரு யோசினை சொல்லுகினம். அழகான சொல்தான், ஆனா கம்மாலை எண்டா இப்ப இரும்பு வேலை மட்டும்தான் ஞாபகம் வருது, ஓடாவியை, அதாவது கப்பல் கட்டுற தச்சனை, ஆருக்கும் ஞாபகம் வராது. ஓடாவி எண்ட சொல்லையும் எங்கட மொழிபெயர்ப்பாளர் தொடுறேல்லை, "கப்பல் கட்டும் தச்சுத் தொழிலாளர்" எண்டு நாலு சொல்லில இழுக்கினம், கலப்பத்தை "கசிவுத் தடுப்பு" ஆக்கிப்போட்டினம். வல்வெட்டித்துறைக் கரையில ஓடாவிமார் கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ட குளோஸ்டர் வரைக்கும் ஓடிப் போய்ச் சேந்தது. அந்தக் கரையைக் கப்பல் கட்டும் இடம் எண்டு தாராளமாச் சொல்லலாம், ஏனெண்டா அங்க கட்டினது.

பேச்சில டொக்யார்ட் எண்டு சொல்லுறதுக்கு நான் எதிர்ப்பில்லை, டொக்யார்ட் வீதின்ட பேரையும் மாத்தத் தேவையில்லை, அது ஊர்ச்சனத்தின்ட வாயில ஊறினது. எழுத்தில மட்டும் "திருகோணமலைக் கடற்படைக் கப்பல் பட்டறை" எண்டு போட்டு, முதல் வாற இடத்தில பக்கத்தில டொக்யார்ட் எண்டு ஒருக்கா எழுதிவிட்டாக் காணும்.