கவின்கலை மாணவர்கள் கல்லூரியிலேயே பழக வேண்டிய இன்னொரு வேலை

சென்னையில் ஓவிய, சிற்பக் காட்சிகளை ஏற்பாடு செய்வது என் தொழில். எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதில் தொடங்கி, வாங்கியவர் வீட்டுக்கு அது பழுதில்லாமல் போய்ச் சேரும் வரை எல்லாம் இதில் அடக்கம். கவின்கலைக் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் படங்களோடு வருவார்கள். கோடும் வண்ணமும் கற்பனையும் அசத்தலாக இருக்கும். "என்ன விலை வைக்கலாம்?" என்று கேட்டால் மட்டும், "நீங்களே பார்த்துப் போடுங்க" என்பார்கள். எனக்கு மனசு கேட்காது. நான்கு வருடம் உழைத்துக் கற்ற ஒருவர் தன் உழைப்புக்கு விலை சொல்லும் பொறுப்பை அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது. விலை போடுவது, கட்டி அனுப்புவது, கணக்கு வைப்பது, ஒப்பந்தம் எழுதுவது என்ற இந்தக் கலை மேலாண்மையையும் கல்லூரியிலேயே பழக வேண்டும்.

விலைக்குக் கணக்கு உண்டு. தொடக்க நிலையில் பலர் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்கிறார்கள். 24க்கு 36 அங்குலப் படம் 864 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்றால் 17,280. படத்தைக் காட்சிக்கு வைத்து விற்றுத் தரும் கேலரியின் பங்கு 40 சதவீதம் என்று வைத்தால் உங்கள் கைக்கு வருவது 10,368. கேன்வாஸ், வண்ணம், சட்டம், வண்டிக்கூலி எல்லாம் அதற்குள்தான். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள். கேலரியில் ஒரு விலை, வீட்டுக்கு நேரில் வருபவருக்குப் பாதி விலை என்று மட்டும் கொடுக்காதீர்கள். வாங்குபவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அப்புறம் உங்கள் விலையை யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது, படத்தைக் கட்டி அனுப்புவது. சித்திரை வெயிலில் வெளியூரிலிருந்து பஸ் பார்சலில் அக்ரிலிக் ஓவியம் வரும். பபிள் ராப்பை நேராகப் படத்தின் மேலேயே சுற்றியிருப்பார்கள், குமிழ்கள் உள்பக்கமாக. அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும். பிரித்தால் வானமும் முகமும் வட்ட வட்டமாகத் தடம் பதிந்து கிடக்கும். சில இடத்தில் வண்ணமே உறையோடு உரிந்து வந்துவிடும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. முதலில் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), மூலைகளுக்கு அட்டை, பிறகு குமிழ்கள் வெளியே பார்க்கும்படி பபிள் ராப். சுருட்டி அனுப்புவதென்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும். அகலமான குழாயில் சுற்றுங்கள். வண்ணப் பக்கத்தை உள்ளே வைத்து இறுக்கினால் வண்ணம் நெருங்கி மடிப்பு விழும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ஒவ்வொரு படைப்புக்கும் எண், தலைப்பு, ஊடகம், உயரம், அகலம் (உயரம்தான் முதலில்), ஆண்டு, இப்போது யாரிடம் இருக்கிறது, யார் வாங்கினார்கள். பகல் வெளிச்சத்தில் நேராக நின்று எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை வைத்துக் காட்சிமலர் (கேட்டலாக்) அச்சிட முடியாது.

இதெல்லாம் வியாபாரிகள் வேலை, கலைஞனுக்கு எதற்கு என்று சில ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் ஊர் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1850இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 1966இல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் அவர்கள் பணம் சேர்த்தார்கள். செய்வது, விற்பது, பணத்தைப் பங்கிடுவது, நிலம் வாங்குவது எல்லாம் கலைஞர்களே பார்த்தார்கள். கலை மேலாண்மைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வரைவதைவிட இந்த வேலைகளில் மனம் போகிறவர்களும் உண்டு. அவர்கள் தோற்றவர்கள் அல்ல. படைப்புகளைப் பதிவுசெய்து கணக்கு வைக்கவும், பழுது பார்க்கவும், காட்சியை வடிவமைக்கவும் ஆள் தேவை. தூரிகை பிடித்துப் பழகியவருக்கு அந்த வேலை இன்னும் நன்றாக வரும். பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் அருங்காட்சியகவியல் துறை 1952 முதல் இருக்கிறது. கேரளத்தின் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற பெரிய கலைக்காட்சியோடு சேர்ந்து 2014 முதல் மாணவர் பினாலேவும் நடக்கிறது. ஒருமுறை அங்கே போய்ப் படம் மாட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஓவியத்தை விற்றால் பதிப்புரிமையும் சேர்ந்து போய்விடாது. வாங்கியவர் சுவரில் மாட்டலாம். உங்களைக் கேட்காமல் நாட்காட்டியில் அச்சிட முடியாது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையச் சொன்ன ஓவியம் என்றால் கதை மாறும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி உரிமை பணம் கொடுத்தவருடையது. உணவகச் சுவருக்கும் மருத்துவமனை வரவேற்பறைக்கும் வரைந்து கொடுக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ள விரும்பினால், முன்பணம் வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

படைப்பைச் சிதைத்தால் கேட்கும் உரிமை 57ஆம் பிரிவில் இருக்கிறது. அது விற்ற பிறகும் உங்களுடையதுதான். டெல்லியில் அரசின் மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துச் சேதமாக்கினார்கள். அவர் அரசின் மேலேயே வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

அடுத்த காட்சிக்குப் படம் கொடுக்கும்போது, எத்தனை படம், என்ன விலை, கேலரியின் பங்கு எவ்வளவு, விற்றால் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு, விற்காதது எப்போது திரும்பி வரும் என்று ஒரே தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். இதைக் கேட்டால் நல்ல கேலரிக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் படத்தை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.