கேனபினாய்டுன்னா வெறும் கஞ்சாதானா?

ஸ்காட்லாந்துல எடின்பரோ பல்கலைக்கழகக்காரங்க எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய படலம் மாதிரியான திசு வேற எடத்துல வளர்ற நோய்) வலிக்கு கஞ்சா செடியிலருந்து எடுக்கற கேனபினாய்டு வகை மருந்த சோதிக்கிறாங்க, அந்த ஆய்வுக்கு எண்டோகேன்னு பேரு. இத தமிழ்ல எழுதறவங்க பட்டுனு "பெண்களின் வலிக்கு கஞ்சா"ன்னு தலைப்பு போட்டுடுவாங்க. நம்ம ஊர்ல கஞ்சாங்கற வார்த்தைக்கு அடுத்து வர்றதே கடத்தல், பறிமுதல், கைதுதான், அப்புறம் வயித்தப் புடிச்சிட்டு சுருண்டு படுத்திருக்கற பொண்ணு அத படிச்சிட்டு என்னன்னு எடுத்துக்கும்? அதனால கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம்.

கஞ்சா செடிக்கு இங்கிலீஷ்ல கேனபிஸ்னு பேரு, அது கிரேக்கம் வழியா வந்த சொல்லு. கேன்வாஸ் துணி கூட அதே வேர்தான், முன்னாடி அந்த செடியோட நார்லதான் கப்பல் பாய் நெய்வாங்க. 1753ல தாவரவியல்காரரு லின்னேயஸ் செடிக்கு கேனபிஸ் சட்டைவான்னு பேர் வச்சாரு. கேனபினாய்டுல கடைசியா ஒட்டியிருக்கற "ஆய்டு"க்கு "அத மாதிரியான"ன்னு அர்த்தம், அதாவது அந்த செடியில இருக்கற வகைப் பொருளுங்க மொத்தத்துக்கும் குடும்பப் பேரு. செடியில அப்படி நூத்துக்கும் மேல இருக்கு, ஆனா நம்ம காதுல விழறது டிஎச்சி, சிபிடி ரெண்டுதான். தலைய கிறுகிறுன்னு ஆக்கறது டிஎச்சி. சிபிடி அப்படி போதை ஏத்தாது, 2018ல அமெரிக்காவுல சில அரிய வகை வலிப்பு நோய்க்கு அத மருந்தாவே அனுமதிச்சாங்க. எண்டோகேன் ஆய்வுல குடுக்கறதும் சிபிடிதான்.

கஞ்சாங்கறது சமஸ்கிருதத்துலருந்து வந்த சொல்லு, இங்கிலீஷ்காரனும் அப்படியே எடுத்துக்கிட்டான். ஆனா நம்ம 1985 போதைப்பொருள் சட்டத்தப் படிச்சுப் பாத்தா கஞ்சான்னா பூவும் காயும் இருக்கற நுனி மட்டும்தான், இலையும் விதையும் தனியா இருந்தா அதுல சேராது, வடக்க அந்த இலைய அரைச்சு செய்யற பாங்கு ஓடறது இந்த சந்துலதான். ஆக சட்டப்படி பாத்தாலே கஞ்சா முழு செடியோட பேரு கெடையாது, செடியிலருந்து பிரிச்செடுத்த ஒரு பொருளுக்கு அந்தப் பேர வச்சா எப்படி சரியாகும்?

எனக்கு இதுல ரொம்ப புடிச்ச சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. 1992ல ஜெருசலேம்ல வேதியியல்காரரு ரஃபேல் மெக்கூலம் ஆய்வகத்துல பன்னி மூளையிலருந்து ஒரு பொருளப் பிரிச்சாங்க, டிஎச்சி போய் ஒட்டற அதே ஏற்பில (செல்லுல மருந்து வந்து ஒட்டிக்கற எடம், ரிசெப்டர்) இதுவும் போய் ஒட்டுது, அதாவது ஒடம்பே தனக்குன்னு ஒரு கேனபினாய்டு செஞ்சுக்குது. அதுக்கு வச்ச பேரு ஆனந்தமைடு, சமஸ்கிருத "ஆனந்த"த்த வச்சு. நம்ம சித்த வைத்தியத்துல கஞ்சாவுக்கு இருக்கற பழைய பேரு ஒண்ணு என்ன தெரியுமா, ஆனந்தமூலி! (சிவமூலின்னும் சொல்வாங்க.)

இப்படி ஒடம்புலயே ஊறறதுக்கு எண்டோகேனபினாய்டுன்னு பேரு. இந்த "எண்டோ"வும் எண்டோமெட்ரியோசிஸ்ல வர்ற "எண்டோ"வும் ஒண்ணுதான், உள்ளேன்னு அர்த்தம், தமிழ்ல "அகம்". மெட்ரா கருப்பை, ஓசிஸ் நோய்நிலை. இந்தப் பேர 1920கள்ல பரப்புனது நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில இருந்த டாக்டர் ஜான் சாம்ப்சன். சினைப்பையில பழைய ரத்தம் தேங்கி பழுப்பா நிக்கற கட்டிய 1921லயே அவரு சாக்லேட் சிஸ்ட்னு எழுதிட்டாரு, நம்ம ஸ்கேன் சென்டர்ல இன்னிக்கும் அதேதான் சொல்றாங்க. நோய்க்கு தமிழ்ல "இடமகல் கருப்பை அகப்படலம்"னு ஒரு பேரு இருக்கு. கருப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய படலம் மாதிரியான திசு வேற எடத்துல வளருதுன்னு அர்த்தம் கச்சிதமாத்தான் இருக்கு, ஆனா ஓபி சீட்டுல எழுத முடியுமா இத? அகப்படல நோய்னு சுருக்குனா போதும்னு நெனைக்கறேன், பேச்சுல எண்டோமெட்ரியோசிஸே இருந்துட்டுப் போகட்டும்.

இந்த நோயில வர்ற வலிக்கு இங்கிலீஷ்ல பெல்விக் பெயின்னு பேரு, அதத்தான் தமிழ்ல எழுதறப்ப எல்லாரும் கோட்டை விடறாங்க. அகராதியப் பாத்து "இடுப்பு வலி"ன்னு போட்டா நம்ம பாட்டிங்க பிரசவ வலின்னுதான் எடுத்துப்பாங்க, மத்தவங்க முதுகுக்குக் கீழ புடிச்சிருக்கும்னு தைலம் எடுத்துட்டு வருவாங்க. நாள்பட்ட அடிவயித்து வலின்னு சொன்னாத்தான் வெளங்கும். நாள்பட்டன்னா ஆறு மாசமோ அதுக்கு மேலயோ விட்டு விட்டோ விடாமலோ இருக்கறது, மாசாமாசம் மூணு நாள் வந்துட்டுப் போறது மட்டும் இல்ல.

சரி இதுக்குப் போய் ஏன் இந்த செடி? ஆபரேஷன் பண்ணாலும் வலி திரும்பி வரும், ஹார்மோன் மாத்திரை பெரும்பாலும் கருமுட்டை வர்றதையே நிறுத்திடும்ங்கறதால கொழந்தைக்குப் பாக்கறவங்களுக்கு ஆகாது. கேனபினாய்டு ஏற்பிகள் நரம்புலயும் நோய் எதிர்ப்பு செல்லுலயும் கருப்பையிலயும் இருக்கு, அதனால இந்த மருந்துக்கு வலி அடங்கலாம்னு ஒரு கணக்கு. கணக்கு மட்டும்தான், ஏன்னா இதே துறையில காபாபென்டின்ங்கற நரம்பு வலி மாத்திரைக்கு நடந்தத மறக்கக்கூடாது, காரணம் புடிபடாத அடிவயித்து வலிக்கு டாக்டருங்க அத எழுதிட்டே இருந்தாங்க, பிரிட்டன்ல 306 பொண்ணுங்கள வச்சு எடின்பரோ ஆளுங்க முன்ன நின்னு நடத்துன ஆய்வு 2020ல வந்துச்சு, மருந்துப்போலிய விட அது ஒண்ணும் கிழிக்கல, தலைசுத்தலும் தூக்கமும்தான் கூட வந்துச்சு. பிளாசிபோவுக்கு மருந்துப்போலி எவ்ளோ அழகான சொல்லு பாருங்க, பாக்க மருந்து மாதிரி, உள்ள ஒண்ணும் கெடையாது. ஆய்வுல டிஎச்சி குடுத்தா யாருக்கு நெச மருந்து யாருக்கு போலின்னு தலை சுத்தறதுலயே தெரிஞ்சுரும், சிபிடியில அந்தத் தொல்லை கம்மி.

கேனபினாய்டுக்கு நான் கஞ்சாச்சேர்மம்னு எழுதுவேன், உடம்புல ஊறறதுக்கு அகக் கஞ்சாச்சேர்மம், சொல்லும்போது நாக்கு சுளுக்குனா கேனபினாய்டே போதும். தலைப்புல எடம் இல்லன்னா "சிபிடி மருந்து"ன்னு போடுங்க, அதுல எழுத்தும் கம்மி.